மேலிருந்து வந்த பதில்

தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தப்பு நடந்தால் யார் செய்தது என்று விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒண்டி இதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒண்டி என்பது அவன் பெயரல்ல. மச்சானோடு சண்டை போட்டுப் பிரிந்து தனிப் பலகை மாட்டிய வாரத்தில், உதிரிபாகக் கடைக்காரர் வைத்த பட்டம் அது. அவர் கிண்டலாகத்தான் வைத்தார். இவன் அதைப் பட்டமளிப்பு விழாவில் கைநீட்டி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒன்பது வருஷம் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தார்கள். பழைய லிஃப்டைப் பரிசோதிப்பது ஒருத்தர் செய்கிற காரியமில்லை. உச்சி மாடிக்கும் மேலே மிஷின் ரூம். மோட்டாரும் பிரேக்கும் ஒரு கைச்சக்கரமும் அங்கே இருக்கும். தரைக்குக் கீழே நெஞ்சளவு ஆழத்தில் ஒரு குழி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலே இருக்கிறவர் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். லிஃப்ட் கூண்டு விரற்கடை விரற்கடையாக அசையும். கூண்டின் அடியில், சுவரோடு மேலே ஓடும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. கயிறு அறுந்தால் உயிரைக் காப்பாற்றுபவை அவைதான். குழியில் இருக்கிறவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவை சிக்காமல் அசைகின்றனவா என்று விரல் வைத்துச் சோதிப்பான்.

இருவருக்கும் நடுவே பத்து மாடி உயரத்துக்கு வெறும் இருட்டு. குரல் மட்டும்தான் போய் வரும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தார்கள்.

"கீழ ஆள்!" என்பான் குழியில் இருப்பவன்.

"யாரு?" என்று மேலிருந்து வரும்.

"நான்தான்."

"கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

அதன்பிறகு அரைச் சுற்று. அரைச் சுற்றுக்கு மேல் ஒரு நூலிழை கூடக் கிடையாது. மறுபடி முதலிலிருந்து. இருப்பதே இரண்டு பேர், இதில் யாரென்று என்ன கேள்வி என்று கேட்கலாம். வேறொரு கம்பெனியில், நடு மாடியில் சும்மா நின்ற எவனோ விளையாட்டுக்குப் பதில் கொடுத்ததில் ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு விரல் போயிற்று. அதனால்தான் குரலை அடையாளம் கண்டுகொள்ளாமல் மச்சான் சக்கரத்தைத் தொடமாட்டார்.

மச்சான் எப்போதும் மேலே, இவன் எப்போதும் கீழே. அவருக்கு இடது முழங்கால் மடங்காது, குழிக்குள் குந்த முடியாது. அது இவனுக்கும் தெரியும். ஆனால் மேலே இருக்கிறவர் சட்டை கசங்காமல் இறங்கி வருவார். கட்டடத்துச் செயலாளர் அவரோடுதான் கை குலுக்குவார். இவன் காது வரைக்கும் கிரீஸோடு குழியிலிருந்து ஏறி வருவான். ஒருநாள் ஒரு செயலாளர் மச்சானுக்குக் காபி கொடுத்துவிட்டு, "உங்க ஆளுக்கும் ஒண்ணு கொண்டுவரச் சொல்லவா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அந்தக் காபியை இவன் தொடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நான் யாருக்கும் ஆள் இல்ல," என்றான். மறுமாதமே பிரிந்து வந்துவிட்டான்.

ரோஷம் நல்ல சாமான்தான். ஆனால் அது படி ஏறாது, இவன்தான் ஏற வேண்டியிருந்தது. மேலே போய் அரைச் சுற்று, கீழே வந்து ஒரு பார்வை, மறுபடி மேலே. லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு லிஃப்டில் போகிற கொடுப்பினையும் இல்லை. மூன்று மாதத்தில் ஆள் பாதியாக இளைத்தான். தனிமையைவிட அந்த மௌனம்தான் அவனைப் படுத்தியது. ஒன்பது வருஷப் பழக்கம், கேள்வி பதில் இல்லாமல் கை வேலையில் இறங்க மறுத்தது. அதனால் இரண்டு பேருடைய வசனத்தையும் தானே பேச ஆரம்பித்தான். குழியில் நின்று "கீழ ஆள்!" என்பான். தொண்டையைக் கொஞ்சம் மாற்றி "யாரு?" என்பான். "நான்தான்" என்று தனக்கே பதில் சொல்லிவிட்டுப் படி ஏறப் போவான். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் யாருக்கு நஷ்டம்?

ஐந்து மாடிக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் அது முதலில் நடந்தது. மத்தியான நேரம், வெளியே நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் குழியின் ஏணியில் காலை வைத்தான். தலைக்கு மேலே கூண்டு மெல்ல முனகிற்று. சரியாக மூன்று விரற்கடை கீழே வந்து நின்றது.

பிரேக் வழுக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். நினைத்த மறுநொடியே பிடரி சில்லிட்டது. காலிக் கூண்டுக்கு மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கனமானது. பிரேக் வழுக்கினால் கூண்டு மேலே போகுமே தவிரக் கீழே வராது. கீழே வரவேண்டுமானால் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

ஓடினான். மிஷின் ரூம் பூட்டியபடி இருந்தது. சாவி இவன் சட்டைப்பையில். உள்ளே யாருமில்லை. மெயின் சுவிட்சில் இவன் போட்ட பூட்டும் அப்படியே தொங்கியது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். இரும்பு குளிர்ந்திருந்தது, ஒரு கை பிடிக்கிற அகலத்துக்கு மட்டும் வெதுவெதுப்பு.

புத்தியுள்ளவன் அன்றைக்கே மச்சான் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். ஒண்டி என்ன செய்தான் தெரியுமா? கீழே இறங்கி வந்து, நடுங்கும் குரலில் மறுபடி "கீழ ஆள்!" என்றான். அன்றைய வேலை ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

மூன்றாவது வாரத்தில் பதிலும் வந்தது. இவன் "கீழ ஆள்!" என்றதும், தொண்டையை மாற்றிக்கொள்வதற்குள் மேலிருந்து "யாரு?" என்று கேட்டது. இவனுடைய குரல்தான். எதிரொலி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு "நான்தான்" என்றான். "தெரியும்" என்றது அது. அந்த வார்த்தை அவர்கள் முறையில் இல்லவே இல்லை.

மனுஷன் எதற்கும் பழகிவிடுவான். வருமானம் வருகிறதென்றால் இன்னும் சீக்கிரமாகப் பழகிவிடுவான். கையிலிருந்த ஏழு கட்டடம் பதினெட்டு ஆயிற்று. சோற்றுக்கு உட்காராமல், வம்பு பேசாமல், நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லாமல் வேலை பார்க்கிற துணை யாருக்குக் கிடைக்கும்? "மேல இருக்காரே உங்க ஆளு, கெட்டிக்காரர். ஏறும்போது மட்டும் என் கண்ணுல படவே மாட்டேங்கிறார்," என்றார் ஒரு காவலாளி. உங்க ஆளு என்ற சொல் காதில் தேனாக விழுந்தது. பயம் இல்லாமல் இல்லை. அது இருக்கும்போது மேலே ஏறுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டான். ஆழம் தெரியாத இடத்தில் காலை விடாமலிருப்பது ஒன்றுதான் அந்த வருஷத்தில் அவன் காட்டிய புத்திசாலித்தனம்.

கண்டுபிடித்தது மனைவி. அவன் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு பத்து மாடிக் குடியிருப்புக்கு வந்தாள். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே குழியிலிருந்து புருஷன் குரல் கேட்டது. உச்சியிலிருந்தும் புருஷன் குரல் கேட்டது. கண்ணாடியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாயந்திரம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"மேல இருந்தது யாரு?"

"யாருமில்ல. எதிரொலி."

"எதிரொலி கேள்வி கேக்குமா?"

அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. "அண்ணனைக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிடலன்னா நான் கூப்பிடுவேன்," என்றாள். "கூடப் பேச ஆளில்லாம நீங்க என்னமோ ஆயிட்டு வர்றீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவளே கூப்பிட்டாள். வசதியாக ஒரு காரணமும் வாய்த்தது. அந்தப் பத்து மாடிக் கட்டடத்துக்கு வருடாந்தரச் சான்றிதழ் தரவேண்டும். இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடவிடுவேன் என்று செயலாளர் பிடிவாதமாக இருந்தார்.

மச்சான் வருவதற்கு முந்தின நாள் வேறொரு கட்டடத்தின் குழியில் நின்றுகொண்டு, ஏதோ அதனிடம் சொல்லிவிட வேண்டும் போலத் தோன்றி, "நாளைக்கு மச்சான் வர்றார்," என்றான்.

மேலிருந்து உடனே கேள்வி வந்தது.

"எதுக்கு?"

"வீட்ல தொந்தரவு. ஒருநாள் வேலைதான்."

"நாம போதாதா?"

பதிலுக்கு அவன், "கீழ ஆள்!" என்று வேலையைத் தொடர்ந்தான். அன்று மீதி வேலை முழுக்கக் கூண்டு அரைச் சுற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

இதை மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பாதி வெட்கம். மீதிப் பாதி, அவர் இல்லாமலே ஒரு வருஷம் ஓட்டிக் காட்டிய கர்வம். அதற்கும் அடியில் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று இருந்தது. அதை அவன் கிளறிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மேலே மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சையும் அறையையும் பூட்டிவிட்டுக் கீழே வந்து காத்திருந்தான். மச்சான் வந்தார். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பழைய பனியனோடு நின்றார்.

"மாப்ள, இன்னைக்கு நான் கீழ இறங்கறேன். நீ மேல போ."

"உங்க கால் என்னாகறது மச்சான்?"

"ஒன்பது வருஷம் உன்ன அழுக்குல நிக்க வெச்சுட்டு நான் காபி குடிச்சிருக்கேன். அன்னைக்கு அந்த ஆளு அப்படிக் கேட்டப்பவே, இவன் என் ஆளு இல்ல, கூட்டாளின்னு சொல்லியிருக்கணும். வாய்ல வரல. ஒருநாள் நின்னா கால் ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

ஒண்டி ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. வந்து சேர்ந்தபோது சந்தோஷத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. கூண்டின் அடிக்கும் தரைக்கும் நடுவே குனிந்து நுழைகிற அளவுக்குத்தான் சந்து. மச்சானின் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிவிட்டான். நிமிர்ந்து நின்றால் அவர் தலைக்கு ஒரு முழம் மேலே கூண்டின் அடி இருந்தது. பிறகு படி ஏறத் தொடங்கினான்.

ஏழாவது மாடியில் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து நின்றான். மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னால், கீழேயிருந்து மச்சானின் குரல் மிதந்து வந்தது.

"கீழ ஆள்!"

இன்னும் மூன்று மாடி இருக்கிறது மச்சான், இருங்கள் என்று நினைத்துச் சிரித்தான். அப்போது உச்சியிலிருந்து கேட்டது.

"யாரு?"

அவனுடைய குரல். ஒரு பிசிறு இல்லாமல் அவனுடையது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

"நான்தான் மாப்ள!"

"கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. மெல்லச் சுத்து!"

குரலை அடையாளம் கண்டபிறகுதான் அந்த மனுஷன் நம்பினார். அதுதான் கொடுமை. கயிறுகள் முனகின. கூண்டு இறங்கியது. அரைச் சுற்று முடிந்திருக்கும். நிற்கவில்லை.

"போதும் மாப்ள. போதும்! டேய், போதும்டா! கால் மடங்கல!"

மற்றவனாக இருந்தால் குழிக்குள் சுருண்டு படுத்துத் தப்பிவிடலாம். மச்சானால் குந்தவும் முடியாது, மடங்காத காலோடு சட்டென்று ஏறி வெளியே வரவும் முடியாது. மேலே ஓட மூன்று மாடி, கீழே ஓட ஏழு. இரண்டுக்கும் நேரமில்லை. இடுப்பில் தொங்கிய கதவுச் சாவியால் லிஃப்ட் கதவை நெம்பித் திறந்து, அந்த இருட்டுக்குள் தலையை நீட்டினான்.

"நிறுத்து!"

சக்கரம் ஒரு கணம் தயங்கியது.

"யாரு?"

"நான்தான்! நிறுத்துடா!"

"நீ கீழ இல்லையே." சக்கரம் மறுபடி சுற்றியது. "கீழ இருக்கறது யாரு?"

"என் மச்சான்!"

"அவரு நமக்கு எதுக்கு?"

கேள்வியில் கோபமே இல்லை. வீட்டுக் கணக்கு பேசுகிற மாதிரி, நிதானமாக, கொஞ்சம் ஆசையோடு கேட்டது. அந்த நிதானத்தைக் கேட்டபோதுதான் ஒண்டிக்குத் தெரிந்தது, இந்தக் கேள்வியைத் தானே எத்தனை ராத்திரி படுக்கையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று. அந்த ஆள் ஒழிந்தால் நன்றாயிருக்கும் என்று ஒருமுறையேனும் நினைக்காமலா இருந்தான்? கீழே மச்சானின் குரல் வார்த்தையில்லாத வெறும் சத்தமாகிவிட்டது.

"என்னால தனியா முடியல!" என்று அலறினான். "கேட்டுக்கோ, என்னால முடியல! அவர் இல்லாம எனக்கு வேலை தெரியாது! அவரு வேணும்!"

ஒரு வருஷமாக உலகத்தில் யாரிடமும், கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத வார்த்தை. பத்து மாடிக்கும் கேட்டிருக்கும். சக்கரம் நின்றது.

பிறகு மேலே மிஷின் ரூம் பக்கத்தில் காலடிச் சத்தம். படியில் இறங்கியது. பத்தாவது மாடி, ஒன்பது, எட்டு. செருப்பைத் தேய்த்து நடக்கிற நடை. வீட்டில் அதற்காகத் தினம் திட்டு வாங்குகிறவன் ஒண்டிதான். அவனுக்கு மேலே ஒரு படி வரைக்கும் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. பட்டப்பகல், ஜன்னல் வெளிச்சம் படி முழுக்க விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். அதன்பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அது வெளியே போனதா, வேறு எங்கேயாவது நுழைந்ததா என்று அவன் யோசிக்க விரும்பவில்லை.

மேலே ஓடினான். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. திறக்கப் போனால் சாவியைப் பிடிக்க முடியவில்லை, கை எரிந்தது. எப்படியோ திறந்து பிரேக்கை மட்டும் தளர்த்தினான். எதிர் எடையின் கனத்தில் கூண்டு தானாகவே மேலே நகர்ந்தது. இரண்டு முழம் போனதும் பிரேக்கை மறுபடி இறுக்கிவிட்டுக் கீழே ஓடினான்.

மச்சான் குழியின் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். நெற்றியில் கூண்டின் கிரீஸ் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. தூக்கி வெளியே விட்டான். தரையில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"போதும்னு கத்தினேனே மாப்ள. கேக்கலையா?"

நான் இல்லை என்று சொல்லலாம். ஏழாவது மாடியில் நின்றிருந்தேன் என்று சத்தியம்கூடப் பண்ணலாம். சத்தியம் பொய்யாகவும் இருக்காது. அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். இரண்டும் கன்றிச் சிவந்து, விரல் மடிப்புகளில் கொப்புளம் கட்டியிருந்தன. சக்கரத்தை இறுக்கிப் பிடித்துப் பல சுற்றுச் சுற்றினால் வருகிற கொப்புளம். அன்றைக்கு அவன் சக்கரத்தைத் தொடவே இல்லை.

"கேட்டுச்சு மச்சான்," என்றான்.

மச்சான் அந்தக் கைகளைப் பார்த்தார். ஒன்பது வருஷம் சக்கரம் சுற்றியவருக்கு அது என்ன காயம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் வெளுத்தது. எழுந்து போய்விடுவார் என்று ஒண்டி நினைத்தான். போனால் போகட்டும், நியாயம்தான்.

"இனிமே என்னை மேல விடாதீங்க மச்சான்," என்றான். "எவ்வளவு கெஞ்சினாலும் விடாதீங்க. நான் கீழயே இருக்கேன்."

அழுதான். காவலாளி பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. மச்சான் பையிலிருந்து தம்முடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, இரண்டாகக் கிழித்து, இரண்டு கைகளிலும் சுற்றிக் கட்டினார்.

"கொப்புளம் காயட்டும்," என்றார் கடைசியில். "திங்கக்கிழமை வர்றேன்."

லிஃப்ட் நிறுத்தியே கிடந்ததால், திங்கட்கிழமை அவர் மடங்காத காலோடு பத்து மாடி ஏற அரை மணி நேரம் ஆயிற்று. ஒண்டி குழிக்குள் நின்று காத்திருந்தான். தலைக்கு மேலே கூண்டு, அதற்கு மேலே இருட்டு. உச்சியில் கதவு திறக்கிற சத்தம். ஒரு நீண்ட இருமல். "அப்பாடா, இந்தப் படிக்கட்டைக் கட்டினவன் நல்லா இருப்பானா" என்று யாரையோ ஒரு திட்டு. அந்தக் குரல் எந்த வகையிலும் தன்னுடையது போல இல்லை என்பதை ஒண்டி காதைத் தீட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகுதான் கூண்டுக்கு அடியில் விரலை வைத்தான்.